முனி மார்பில் இரண்டு மெடல்

வில்லியனூர் ஷரீப் பாய்க்குப் பயப்படக் காரணமே வேண்டாம். பழைய பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கிற மனுஷன், போலீஸ்காரர் எதிர்க்கடையில் டீ குடிக்க நின்றாலே உள்ளே போய்விடுவார். "இன்னா கொலையா பண்ணிட்டு வந்தீங்க?" என்று அவர் சம்சாரம் நூருன்னிசா கேட்காத நாளில்லை.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் பாய் புலி. ஒரு பட்டாளத்து மெடலை அவர் உள்ளங்கையில் வையுங்கள். எந்தச் சண்டைக்குக் கொடுத்தது, வளையம் அசலா மாற்றியதா, எல்லாம் சொல்லிவிடுவார். பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய்வந்த சொல்தா குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். பேரன்மார் பழைய வீட்டை இடிக்கும்போது அண்டா குண்டாவோடு மெடலும் கடைக்கு வந்துவிடும். பாத்திரத்தை விற்பார், மெடலை விற்க மனசு வராது. அலமாரியில் துணி விரித்து அடுக்கி வைத்திருக்கிறார். புளி போட்டு விளக்கவும் மாட்டார். அழுக்குதான் மெடலுக்கு ஜாதகம் என்பார்.

அந்த ஜாதகம்தான் அவரை மாட்டிவிட்டது.

போன வாரம் சுத்துக்கேணி ஆண்டாள் ஒரு மெடலைக் கொண்டுவந்து விலைக்குப் போட்டிருந்தாள். வீட்டுக்காரரின் தாத்தா கண்ணையன் சைகோன் சண்டைக்குப் போய் வாங்கினது, பெட்டியில் கிடந்தது என்றாள். வெள்ளி. முன்பக்கம் தலைக்கவசம் போட்ட பெண் முகம், பின்பக்கம் பூமி உருண்டை. அன்றைக்குக் காலையில்தான் பாய் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். எழுத்து இடுக்கில் சிவப்பாக ஏதோ இருந்தது. அரக்கு என்று நினைத்து நகத்தால் கீறினார். முகர்ந்தும் பார்த்தார். நல்லெண்ணெயும் குங்குமமும்.

பாய் கடை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பெட்டியில் கிடக்கிற மெடலுக்கு யார் பொட்டு வைப்பார்கள்? உயிரோடு திரும்பிவந்த கண்ணையன் தன் மெடலைக் கழற்றி ஊர் முனீஸ்வரன் மார்பில் கட்டினான் என்று சுத்துக்கேணியே சொல்லுமே! இது அவனுடைய இன்னொரு மெடல் என்றல்லவா நினைத்து வாங்கினார்! சாமி மார்பில் இருந்தது பாய் கடை அலமாரியில் இருக்கிறது. எப்படி வந்தது என்று எவன் நின்று கேட்கப் போகிறான்? காலம் கெட்டுக் கிடக்கிறது. ஒருத்தன் போனில் படம் பிடித்துப் போட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் கடை சாம்பல்.

"யா அல்லா!" என்று தலையில் கை வைத்தார். பட்ட காலிலே படும் என்பது சும்மாவா? வாசலில் பைக் வந்து நின்றது. சுத்துக்கேணி முனி கோயில் தர்மகர்த்தா சுப்பராயலு.

"பாய், ஒரு நடை நம்மூருக்கு வரணும். முனி மார்ல தொங்குதே, அது இன்னா மெடலுன்னு எழுதி போர்டு வைக்கணுமாம். பசங்க ஒத்தக்கால்ல நிக்கறானுங்க. உன்ன வுட்டா ஆருக்குத் தெரியும்?"

தெரிந்துதான் வந்திருக்கிறாரா? வரமாட்டேன் என்றால் சந்தேகம் வரும். மெடலைக் கடையில் விட்டுப்போகவும் பயம். கைக்குட்டையில் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறினார். வழியெல்லாம் உதடு ஓதிக்கொண்டே வந்தது.

கோயிலில் பத்துப் பேர் நின்றார்கள். முனியின் மார்பு வெறுமையாக இருக்கும், எல்லோரும் தன்மேல் பாய்வார்கள் என்று நினைத்து நிமிர்ந்தால், அங்கே வட்டமாக ஒரு மெடல் தொங்கியது! அமாவாசைச் சந்தனக்காப்பில் முகம் தெரியாமல் அப்பிக் கிடந்தது. கூட்டத்தின் ஓரத்தில் ஆண்டாள். பேயறைந்த மாதிரி பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணில் புரை விழுந்த பூசாரி நாகராஜன் ஏணியில் ஏறிக் கழற்றிக் கொடுத்தார். கையில் வாங்கினதுமே பாய்க்குப் புரிந்தது. கனமே இல்லை. கட்டைவிரலால் சந்தனத்தை நகர்த்தினார். தமிழ் எழுத்து. ‘ஓட்டப்பந்தயம்.’

"இன்னா பாய், எதுனா தெரியுதா?" என்றார் சுப்பராயலு.

"கண்ணாடிய மறந்துட்டனுங்க ஐயா."

உண்மையைச் சொன்னால் ஆண்டாள் தொலைந்தாள். அசல் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. அசல் அவர் நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கிறது. பொய் சொன்னால், அடுத்த காப்பு கலைக்கும்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடப் படித்துவிடும்.

"சந்தனத்தத் தொடைச்சாதான் தெரியும்" என்று கைக்குட்டையை எடுத்தார். வெளிச்சம் பார்ப்பதுபோலத் திரும்பினார். கயிற்றை இழுத்தார், இற்றுப்போனது அறுந்தது. துணிக்குள் இரண்டும் ‘கிணுக்’ என்று மோதின. பலமாக இருமினார். பிஸ்மில்லா சொல்லி அசலை வெளியே எடுத்தார்.

"பார்றா, தொடைச்சா எப்பிடி மின்னுது!" என்றான் ஒரு பையன்.

பாய்க்கு மூச்சு திரும்பியது. பெண் முகத்தையும் உருண்டையையும் காட்டி விளக்கினார், எழுதிக்கொண்டார்கள். புதுக் கயிற்றில் கோத்துப் பூசாரி மறுபடி கட்டினார். தப்பித்தோம் என்று ஆண்டாளைப் பார்த்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடை திறந்ததும் வந்து நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தார் மனுஷன்.

"எம் பொண்ணு மெடலு எங்க பாய்?"

"சத்தம் போடாதம்மா! உன்னக் காப்பாத்தத்தானே..."

"ஆரு காப்பாத்தச் சொன்னாங்க? நானா திருடுனேன்? முனிகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன். கல்பனா கால் நசுங்கி ஆஸ்பத்திரில கெடக்கறா. பெரியவரு வச்சத மருந்துக்கு எடுத்துக்கறேன், எம் பொண்ணு ஓடி ஜெயிச்சத உனக்கு வைக்கறேன், அவளக் கால் ஊனி நடக்க வையின்னு வச்சேன். நீங்க கழட்டுனீங்க, சாயங்காலமே அவளுக்கு ஜொரம் ஏறிடுச்சி. இன்னும் எறங்கல பாய்!"

பாய்க்கு நேற்றுப் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று ஆகிவிட்டது. ஜுரத்துக்கும் மெடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. "நூரு, கடையப் பாத்துக்க" என்றார். சந்தனம் காய்ந்த அந்தத் தகர மெடலை எடுத்துக்கொண்டு அவளோடு பஸ் ஏறினார்.

சுப்பராயலு கோயிலில்தான் இருந்தார். "ஐயா, சாமியோட மெடலு ஒண்ணு நேத்து எங்கிட்டயே தங்கிடுச்சி" என்று பாய் நீட்டினார்.

சுப்பராயலு வாங்கித் துடைத்தார், எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஓட்டப்பந்தயம். ரெண்டாம் பரிசு. கல்பனா." ஆண்டாளைப் பார்த்தார். மேலே முனி மார்பைப் பார்த்தார். கடைசியில் பாயைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. பாய் கண்ணை மூடிக்கொண்டார். இதோ, முடிந்தது என்று நினைத்தார்.

"இது இன்னா மெடலு பாய்?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நேத்து பாத்தது சண்டையிலேர்ந்து திரும்பி வந்தவரு வச்சது. இந்தப் பொண்ணு இன்னும் திரும்பலீங்க ஐயா."

சுப்பராயலு மெடலை வேட்டி முனையில் இன்னொரு தரம் துடைத்தார்.

"யோவ் நாகராஜா, ஏணியக் கொண்டா" என்றார் சுப்பராயலு. "ரெண்டும் இருக்கட்டும். கெட்டியா முடி போடு."

பாய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். கை ஆடியதில் ஏணியும் ஆடியது. "இன்னும் எதுக்குய்யா பயம்?" என்று மேலேயிருந்து பூசாரி அதட்டினார்.

"ஜொரம் எறங்கணுமே" என்றார் பாய்.