இருமல் இல்லாத நான்கு நாட்கள்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எது நடந்தாலும் அது ஏன் நடந்தது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியாது. மோட்டார் ஒரு நாள் தண்ணீரைக் குறைத்து இறைத்தால், காரணம் தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. மாடு அரை லிட்டர் குறைத்துக் கறந்தால், முந்தின நாள் அது எங்கே மேய்ந்தது, யார் தண்ணீர் காட்டியது என்று பெரிய விசாரணையே நடக்கும். என் மனைவி இதற்கு 'சி.ஐ.டி. வேலை' என்று பேர் வைத்திருக்கிறாள். பேர் வைத்ததோடு சரி, ஒரு நாளும் குறுக்கே நின்றதில்லை.

இந்தக் குணத்தால் நான் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒரு கேஸ் சிலிண்டர் எங்களுக்கு இரண்டு மாதம் நெருக்கி வரும். ஓர் ஐப்பசியில் மட்டும், மாட்டிய சிலிண்டர் ஒரே மாதத்தில் தீர்ந்துபோனது. விடுவேனா? குழாயில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தேன். இல்லை. சமையலறைக் காலண்டரில் மாட்டிய தேதி, தீர்ந்த தேதி இரண்டையும் வட்டம் போட்டு, 'கேஸ் எங்க போச்சு, எங்க போச்சு' என்று ஒரு வாரம் வீட்டையே குடைந்தேன். அடுத்த சிலிண்டர் வந்தபோது, கொண்டுவந்தவரை நிறுத்தி, மாட்டுத் தீவனம் நிறுக்கும் தராசில் அதை ஏற்றச் சொன்னேன். எடை சரியாகவே இருந்தது. மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். ஆனால் அந்தச் சிலிண்டர் பழையபடி இரண்டு மாதம் வந்தது. 'கேள்வி கேட்டாத்தான் எல்லாம் சரியா வரும்' என்று பால் சொசைட்டியில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். வீட்டிலும் சொன்னேன். அவள் ஆமாங்க என்றாள்.

எங்கள் தோப்பு பாலக்காட்டு மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில், கேரள எல்லையை ஒட்டியது. கடைசி வரிசைத் தென்னைக்கு அப்பால் தமிழ்நாடு. வீடு இந்தக் கோடியில். நான் பெரும்பாலும் அந்தக் கோடியில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருப்பேன். சாப்பாட்டு நேரம் வந்தால் அவள் கொல்லைப்படியில் நின்று "ஏனுங்கோ" என்று ஒரு குரல் கொடுப்பாள். ஒரே மூச்சில் தோப்பு முழுக்கத் தாண்டி வரும். அடுத்த மாநிலத்தில் ஆடு மேய்க்கிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். கட்டிக்கொண்ட புதிதில் எனக்கு அது கூச்சமாக இருந்தது. பிறகு அதைக் கேட்டால்தான் பசிக்கும் என்று ஆகிவிட்டது.

அந்தக் குரல் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் தேதி குறிக்கிறவனுக்கு அது தெரியவில்லை. முதலில் பாதித் தோப்பு வரை நடந்துவந்து கூப்பிட்டாள். பிறகு செல்போனில் கூப்பிட ஆரம்பித்தாள். நல்ல வசதிதான் என்று நானும் இருந்துவிட்டேன். ஒரு நாள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, மாட்டுக் கொட்டகையில் நான் நிற்கும்போது போன் அடித்தது. திரும்பினால், இருபது அடி தூரத்தில், படியில் உட்கார்ந்து ஒரு கையில் போனும் ஒரு கை நெஞ்சிலுமாக இருந்தாள். எனக்குப் பயம் பிடித்தது அன்றைக்குத்தான்.

பாலக்காட்டில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இருமல் ரொம்ப நாளாக இருந்தது. மருந்துக்கடையில் வாங்கிய பாட்டில் மருந்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தோம். டாக்டர் ஒரு குழாயை வாயில் கொடுத்து ஊதச் சொன்னார். அவள் ஊதினாள். பாதியில் நின்றுவிட்டது. "ஒன்னுகூடி ஊதுங்கம்மா" என்றார், பாலக்காட்டுத் தமிழில். இன்னொரு முறையும் பாதிதான்.

பிறகு கேள்விகள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட்? இல்லை. சமையல் கேஸிலா, விறகிலா? அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். கேஸ்தான் சார், பதினைந்து வருஷமாக விறகையே தொட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டாள். டாக்டர் கேஸ் என்று எழுதிக்கொண்டார். உறிஞ்சுகிற மருந்து எழுதித்தந்தவர், மருந்து மட்டும் போதாது, எது இதைக் கிளப்பிவிடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், இப்படியே போனால் மூச்சு இன்னும் சுருங்கும் என்றார். கண்டுபிடிப்பதா? சரியான ஆளிடம்தான் சொன்னார்.

மறுநாளே சமையலறைக் காலண்டரில் வேலை தொடங்கியது. இருமல் வந்தால் அந்தத் தேதியில் ஒரு கோடு. அதிகம் என்றால் இரண்டு கோடு. சந்தேகத்துக்குரியவர்கள் பட்டியல் நீளம். முதலில் பருத்திக்கொட்டைப் புண்ணாக்குத் தூசி. ஒரு வாரம் நானே தீவனம் கலந்தேன். கோடு குறையவில்லை. அப்புறம் எல்லை ரோட்டில் ஜல்லி ஏற்றிப் போகிற லாரிகள். ரோட்டுப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தினோம். புழுக்கம்தான் மிச்சம். மாட்டு முடி, மாம்பூ, பக்கத்துக் காட்டுக்காரர் அடித்த மருந்து, ஒருவரையும் விடவில்லை. காலண்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. விடியற்காலையில் ஒரு தரம், பொழுது சாயும்போது ஒரு தரம். நடுப்பகலில் அநேகமாக இல்லை. பனிதான் காரணம் என்று ஒரு முடிவுக்கு வந்து, அவள் தலையில் ஒரு மப்ளரைக் கட்டிவிட்டேன். கட்டிக்கொண்டு இருமினாள்.

தை மாதத்தில் போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம். மலைக்குளிர் அவளுக்கு ஆகாது என்று நான் மட்டும் போய் நான்கு நாள் தங்கினேன். அவருக்கு ஏலத்தோட்டம் உண்டு. பறித்த ஏலக்காயை உலர்த்துகிற ஸ்டோரைப் பார்க்கப் போனேன். கீழே பெரிய விறகு அடுப்பு, அதன் சூடு குழாய் வழியாக மேலே அறைக்குப் போய்க் காயை உலர்த்தும். உள்ளே ஏதோ மூட்டைக்குப் பின்னாலிருந்து என் மனைவி இருமினாள். சத்தியமாக அப்படித்தான் கேட்டது. வெட்டி வெட்டி இரண்டு, பிறகு நீளமாக ஓர் இழுப்பு. அந்த இருமலைக் காலண்டரில் குறித்துக் குறித்து எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

எட்டிப் பார்த்தால், கழுத்தில் ஜெபமாலை போட்ட ஒரு வயதான ஆள், அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். நான் என் வழக்கப்படி விசாரணையை ஆரம்பித்தேன். இந்த இருமல் எத்தனை நாளாக, காலையிலா மாலையிலா, சளி வருமா. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"புகைதான் சார், வேற என்ன? இருவது வருசமா இந்த அடுப்பு முன்னாடிதானே நிக்கேன்" என்றார்.

அவருக்கு அது ஒரு புதிராகவே இல்லை. எனக்குத்தான் புதிராக இருந்தது. அதே இருமல், சரி. ஆனால் எங்கள் வீட்டில் விறகடுப்பு ஏது? திரும்பி வருகிற வழியெல்லாம், பழனியில் பஸ் மாறும்போதும், பொள்ளாச்சியில் டீ குடிக்கும்போதும் இதே யோசனைதான். பொள்ளாச்சியிலிருந்து வீட்டுக்குப் போன் பண்ணி, இன்னும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்றேன். இருமல் எப்படி என்று கேட்டேன். நாலு நாளாக அவ்வளவாக இல்லை என்றாள். குரலிலும் தெளிவு இருந்தது. நான் ஊரில் இல்லை என்றால் உனக்கு உடம்பு நன்றாகிவிடுகிறது என்று கேலி செய்தேன். அவள் சிரித்தாள். வேடிக்கையாகச் சொல்லிவிட்டேனே தவிர, மனதுக்குள் அது ஒட்டிக்கொண்டது. என்னிடம் அப்படி என்ன இருக்கிறது? தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா, துண்டில் ஒட்டிவரும் மாட்டு முடியா?

எங்கள் நிறுத்தத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் எங்கள் தென்னை உச்சிகள் தெரியும். அவற்றுக்கு மேலே, எங்கள் வீடு இருக்கிற இடத்தில், நீலமாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. யார் வீட்டில் என்ன எரிகிறது என்று நின்று பார்த்தேன். அப்புறம் விளங்கியது. எனக்குக் குளிக்க வெந்நீர் காய்கிறது.

கொல்லைப்புறம் தகரம் போட்ட ஒரு சாய்ப்பு உண்டு. மழைக்காக மூன்று பக்கமும் அடைத்தது. மூன்று கல்லின் மேல் ஓர் அண்டா. காலையில் பால் கறந்து முடித்ததும் எனக்கு ஒரு குளியல், பொழுது சாய்ந்து தோப்பிலிருந்து வந்ததும் ஒரு குளியல், இரண்டும் சுடச் சுட வேண்டும். தோப்பில் மட்டையும் பாளையும் மலையாகக் கிடக்க, கேஸில் தண்ணீர் காய வைப்பது திமிர் என்பது என் கட்சி. போதாததற்கு, கேஸில் காய்ந்த தண்ணீர் மேலோடு போய்விடும், விறகில் காய்ந்ததுதான் எலும்பில் இறங்கும், இரண்டையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிப்பேன் என்றும் பேசுவேன். அதை நாங்கள் அடுப்பு என்று கணக்கிலேயே சேர்த்ததில்லை. அடுப்பு என்றால் சமையலறையில் இருப்பது. இது கொல்லையில் கிடக்கிற மூன்று கல். அவளுக்கு வெந்நீரே வேண்டியதில்லை. நடுப்பகலில், வெயிலில் சூடேறிய தொட்டித் தண்ணீரில் குளித்துவிடுவாள். ஆகவே நான் இல்லாத நான்கு நாளும் அந்தக் கல்லில் தீ இல்லை.

வேகமாகப் போனேன். சாய்ப்பு முழுக்கப் புகை. பனியில் நனைந்த மட்டை, பிடிக்க வைக்கக் கிழித்துப் போட்ட பிளாஸ்டிக் தீவனச் சாக்கு, அந்தச் சாக்கு உருகுகிற நாற்றம். அவள் குத்துக்காலிட்டு, இரும்பு ஊதுகுழலை வாயில் வைத்து ஊதினாள். பாதியில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் நின்ற அதே இடத்தில் நின்றது. பிறகு இரண்டு வெட்டு, ஓர் இழுப்பு.

கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து படியில் உட்கார வைத்தேன். எனக்கு வருத்தமும் இருந்தது, கண்டுபிடித்துவிட்டேன் என்கிற குஷியும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததை மறைப்பானேன். மூச்சு விடாமல் பேசினேன். நான்கு நாள், காலை, மாலை, ஏல ஸ்டோர்க்காரர், எல்லாவற்றையும் கோர்த்துச் சொல்லி முடித்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"தெரியுமுங்க" என்றாள்.

எப்படித் தெரியும் என்றேன்.

"போன வருசம் ஐப்பசி மாசம் பூராவும் உங்களுக்குக் கேஸ்லதானுங்க சுடுதண்ணி வெச்சேன். அப்ப இருமலே இல்லீங்க." கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க கேஸ் எங்க போச்சு, எங்க போச்சுன்னு காலண்டர்ல வட்டம் போட்டீங்க. சிலிண்டர்காரரை நிறுத்தி எடை போட்டுப் பாத்தீங்க. எதுக்கு வம்புன்னு மறுக்காவும் இங்கியே மூட்டிட்டனுங்க."

ஒரு மாதம் முழுக்க நான் கேஸ் வெந்நீரில் குளித்திருக்கிறேன். எலும்பில் இறங்கவில்லை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அந்த மாதம் அவள் இருமாமல் இருந்ததும் என் கண்ணில் படவில்லை. கேஸ் குறைந்தது மட்டும் பட்டது. என் வாழ்நாளில் நான் துப்புத் துலக்கி ஜெயித்த ஒரே வழக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அது இதுதான்.

டாக்டரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, கோபப்பட எனக்கு முகம் ஏது.

"சொல்லலாம்னுதான் வாயெடுத்தனுங்க. நீங்க சொல்லி முடிச்சிட்டீங்க."

மறுநாள் மூன்று கல்லையும் பெயர்த்து வாய்க்கால் கரையில் போட்டேன். ஒரு வாரம் பச்சைத் தண்ணீரில் குளித்துப் பார்த்தேன். தும்மல் வந்ததே தவிர உயிர் போகவில்லை. இப்போது மொட்டை மாடியில் கறுப்புக் குழாயைச் சுருட்டிப் போட்டிருக்கிறேன். பகல் வெயிலில் அதில் தண்ணீர் நன்றாகவே காய்கிறது. எந்த மணிக்கு எவ்வளவு சூடு என்று பார்த்துக் குறிக்காமல் இருக்க முடியவில்லை. அதற்கு வேறு காலண்டர் வைத்துக்கொண்டேன். பழைய காலண்டரில் கோடுகள் குறைந்தன. முழுக்க நிற்கவில்லை.

பங்குனியில் மறுபடி பாலக்காட்டுக்குப் போனோம். குழாயில் ஊதியபோது முன்னைவிடக் கொஞ்சம் தூரம் போனது. போன மூச்சு எல்லாமே திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பிறகு, எது கிளப்பிவிடுகிறது என்று தெரிந்ததா என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பையில் காலண்டர் இருந்தது. ஏல ஸ்டோர், நான்கு நாள், ரோட்டிலிருந்து பார்த்த புகை எல்லாம் வரிசையாக என் வாயில் வந்து நின்றது. நான் அவள் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சமையல் கேஸ்லதானுங்க" என்று ஆரம்பித்தாள். "ஆனா இவுங்க குளிக்கறதுக்கு..."

அங்கே மூச்சு நின்றது. மீதி வாக்கியம் முழுவதும் எனக்குத் தெரியும், நாக்கு நுனியில் இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் நெஞ்சில் கை வைத்து, மூச்சை இழுத்துக்கொண்டு, மீதியையும் அவளே சொன்னாள்.