ஊசியைப் பார்க்காதவள்

சட்டைத் தொழிற்சாலையில் என் தங்கைக்குப் 'பலமரம்' என்று பெயர். வைத்தவர் கட்டிங் மாஸ்டர். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்களே, அதிலிருந்து எடுத்துக் கேலியாகத்தான் வைத்தார். எனக்கு அது பட்டம் மாதிரி கேட்டது. அதே தொழிற்சாலையில் நான் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறவன். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும், "பலமரம் நம்ம தங்கச்சிதான்" என்று நானே சொல்லிவிடுவேன்.

அவள் ஆசைப்பட்டுப் பல மரம் காணவில்லை. முதலில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் இருந்தாள். முதலாளிக்குக் கண் மங்கியதும் கடை மூடப்பட்டது. அடுத்து மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பட்டறை. அதுவும் வேறு ஊருக்குப் போய்விட்டது. பிறகு ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். அங்கே நோயாளிகளைவிட அந்த நாற்காலி எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். எங்கே போனாலும் மற்றவர்கள் கற்க எடுத்த காலத்தில் பாதிகூட அவளுக்குத் தேவைப்படவில்லை. ஒன்றைப் பார்த்தால் முன்பு பார்த்த இன்னொன்று துணைக்கு வந்துவிடும்.

"எல்லாம் ஒண்ணுதான் அண்ணா. ஏதோ ஒண்ணு சுத்துது, ஏதோ ஒண்ணு தடுக்குது. தடுக்குறதக் கண்டுபிடிச்சா போதும்" என்பாள்.

தொழிற்சாலையில் அவளுக்குத் தையல் மெஷின்களுக்கு எண்ணெய் விட்டுத் துடைக்கும் வேலை. ஒருமுறை பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் மெஷின் நின்றுபோனது. தலைமை மெக்கானிக் கழற்றி மாட்டிப் பார்த்துச் சலித்துவிட்டார். இவள் சக்கரத்தைக் கையால் திருப்பி, குனிந்து காதை வைத்துக் கேட்டாள். அழுக்கு ஏறிய கடிகாரம் இப்படித்தான் முனகும் என்றாள். பல் மருத்துவரிடம் இருந்தபோது வாங்கி வைத்த, பல் இடுக்கைச் சுரண்டும் வளைந்த ஊக்கால், சின்னப் பல்சக்கரத்தின் இடுக்கில் எண்ணெயோடு இறுகிக் கிடந்த நூல் பிசிறைச் சுரண்டி எடுத்தாள். மெஷின் ஓடியது. அன்று கட்டிங் மாஸ்டர்கூட, "தச்சன் ஒரு மரம் வெட்டிட்டான்யா" என்றார்.

அதனால்தான் மெக்கானிக் வேலை ஒன்று காலியானபோது, அது அவளுக்குத்தான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். அவளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. அடுத்தமுறை வயது வரம்பைத் தாண்டியிருப்பாள். போட்டிக்கு இருந்தவன் ஒருவன்தான். தையல் வரிசையில் சேர்ந்த நாள் முதல் ஒரே வகை மெஷினைத் தவிர வேறெதையும் தொடாதவன். அவனுக்கும் பெயர் உண்டு: 'ஒத்தமரம்'.

தேர்வு எங்கள் கூடத்திலேயே நடந்தது. ஒரே மாதிரி இரண்டு மெஷின், இரண்டிலும் ஒரே கோளாறு: தையல் விட்டுவிட்டு விழுகிறது. ஒத்தமரம் உட்கார்ந்ததும் ஊசியைக் கழற்றினான், பார்த்தான், மாட்டினான். ஒரு துண்டுத் துணியைத் தைத்துக் காட்டிவிட்டு எழுந்துகொண்டான்.

என் தங்கை கழற்றிக்கொண்டே இருந்தாள். முதலில் மோட்டாரைத் தொட்டு அதிர்வு பார்த்தாள். பிறகு பெல்ட். பிறகு மெஷினைச் சாய்த்து, அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியைக் கழற்றினாள். ஒவ்வொரு சத்தமும் அவளுக்கு ஏதோ ஒரு பழைய கடையை ஞாபகப்படுத்தியது என்று நினைக்கிறேன். ஊசி இறங்கும் நேரமும் கொக்கி வரும் நேரமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று கண்டுபிடித்தாள். கடிகாரக் கடைக்காரி அல்லவா, மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பொருத்தினாள். கொடுத்த நேரம் முடிவதற்குள் மெஷின் தைத்தது. தையல் முத்து முத்தாக விழுந்தது. நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

தலைமை மெக்கானிக் அந்தத் துணியைப் பார்த்தார். ஊசியைக் கழற்றி, சரியான பக்கம் திருப்பி மாட்டித் தைத்தார். தையல் மறுபடி விட்டுவிட்டு விழுந்தது.

கோளாறு ஊசியில்தான் இருந்தது. சற்றுத் திரும்பி மாட்டப்பட்டிருந்தது, அவ்வளவே. என் தங்கை ஊசியைத் தொடவே இல்லை. தப்பாக மாட்டிய ஊசிக்கு ஏற்றபடி மெஷினையே திருத்தி வைத்திருந்தாள்.

"ஊசியப் பாக்கலையாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"ஏன்?"

"அது எல்லாரும் பாக்குறது. அவ்வளவு லேசா இருக்காதுன்னு நெனச்சேன்."

அவர் கெட்டவர் அல்ல. அவருக்கே வருத்தம்தான். "இந்த மாதிரி திருத்த எனக்குக்கூட வராது. ஆனா தினமும் நாப்பது மெஷின் நிக்கும். முப்பத்தெட்டுல ஊசிதான்" என்றார்.

வேலை ஒத்தமரத்துக்குப் போனது. எண்ணெய் விடுவதையும் அவனே பார்த்துக்கொள்வான் என்று அவளைப் பிசிறு வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். கையில் சின்னக் கத்தரி. சட்டையில் தொங்கும் நூலை வெட்ட வேண்டும், அடுத்த சட்டையை எடுக்க வேண்டும். அதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. அவளும் கேட்கவில்லை. முன்பெல்லாம் சாப்பிடும்போது ஏதாவது ஒன்றைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பாள். இப்போது வீட்டில் மின்விசிறி டக்டக்கென்று அடித்துக்கொள்கிறது. அதன் கீழேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறாள். "என்னன்னு கொஞ்சம் பாரேம்மா" என்றேன். ஆளைக் கூப்பிடச் சொன்னாள்.

போன மாதம் காஜா மெஷின் மறுபடி நின்றது. ஒத்தமரம் அதற்கு முன் அதைத் திறந்ததே இல்லை. கூச்சப்படாமல் நேராக அவள் மேசைக்கு வந்தான்.

"அக்கா, ஒரு தடவ வந்து பாருங்க. உங்களுக்குத்தான் பிடிபடும்."

அவள் கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

"ஊசியப் பாத்தியா?"

"பாத்துட்டேன்கா. ஊசி சரியா இருக்கு."

"அப்ப எனக்குத் தெரியாது."

அவள் வேண்டுமென்றே சொல்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருப்பான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அன்று வீட்டுக்கு நடந்துவரும்போது கேட்டேன்.

"நெசமாத்தான் அண்ணா" என்றாள். "நிக்கிறதுக்கு முன்னாடி சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டுச்சு. அஞ்சாறு காரணம் தோணுச்சு. எது முதல்லன்னு தெரியல. தப்பா ஒண்ணச் சொல்லிட்டா?"

அந்த வளைந்த ஊக்கு எங்கே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

தலைமை மெக்கானிக்குக்கும் பிடிபடாததால் காஜா மெஷின் மேல் ஒரு துணியைப் போர்த்தி மூலையில் தள்ளிவிட்டார்கள். சட்டைகள் இப்போது வெளியே போய்க் காஜா எடுத்து வருகின்றன. அந்தத் துளைகளின் ஓரத்தில் பிசிறு அதிகம். அவள் அதை ஒவ்வொன்றாக வெட்டி என் மேசைக்கு அனுப்புகிறாள். நான் எந்தச் சட்டையையும் திருப்பி அனுப்ப நேர்ந்ததில்லை. அந்த மேசையிலேயே இவள் அளவுக்குச் சுத்தமாகப் பிசிறு வெட்ட ஆள் கிடையாது.