தொரையைத் தராசில் தொங்கவிட்ட கதை

கொழும்பில் போர்டிங்கில் இருக்கிற பிள்ளைக்கு நாய் எதற்கு என்று என் மகளிடம் கேட்கக்கூடாது. கேட்டால், "அம்மா, அது பொமரேனியன்" என்பாள், பொமரேனியன் என்றால் நாய்க்கணக்கில் சேராது என்பதுபோல. போர்டிங் வீட்டுக்கார அம்மா சேர்த்துவிட்டார். நாயையும் பிள்ளையையும் ஒரே நாளில் வெளியே போகச் சொன்னதும், இவள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு உக்குவளையில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

பையைத் திறந்தால் ஒரு பிடி வெள்ளைப் பஞ்சு. அதில் இரண்டு கண். தூக்கிப் பார்த்தேன், கையில் எலும்புதான் தட்டுப்பட்டது.

"என்னடி இது? முடியை எடுத்துட்டா உள்ள ஒண்ணுமே இருக்காது போல!"

மறுநாள் மாத்தளை டவுனுக்குக் கொண்டுபோய் மிருக டாக்டரிடம் காட்டினோம். ஒரு கிலோகூட இல்லை. "டிக்க டிக்க கன்ன தென்ன, அம்மே" என்றார் அவர் சிங்களத்தில். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தின்னக் கொடுக்க வேண்டுமாம். இந்தச் சின்ன ஜாதிக்கு ஒரு வேளை வயிறு காய்ந்தாலே இரத்தத்தில் சீனி இறங்கி மயக்கம் வருமாம், சில குட்டிகள் எழும்புவதே இல்லையாம். பூச்சி மருந்து கொடுத்து, ஒரு மாதத்தில் ஒன்றரைக் கிலோவாவது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மகள் திரும்பிப் போகும்போது வாசலில் நின்று எனக்குச் சட்டம் போட்டாள். "அடுத்த மாசம் வருவேன். ஒன்றரைக் கிலோ வரலேன்னா கண்டியில என் பிரெண்ட் வீட்டுல கொடுத்துடுவேன். அவ அண்ணன் நாய் டாக்டர். முடியாத உங்களைப் போட்டு வருத்தக்கூடாது பாருங்க."

"தாராளமாக் கொடு, எனக்கென்ன?" என்றேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன். வந்து இரண்டு நாளான நாய்க்காக உருக நான் என்ன பைத்தியமா?

அடுத்த கிழமையே பைத்தியம் பிடித்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். "நாயின்னா வெளியிலதான் இருக்கணும்" என்று முதல் நாள் கொடி பிடித்தவரும் அவர்தான். ஆனால் குட்டியோ நான் வைத்த சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, எஸ்டேட் பெரியதுரை கூலிக்காரர் லயத்துத் தேத்தண்ணியைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் இவர் அதற்கு 'தொரை' என்றே பட்டம் வைத்தார். ஒரு நாள் இவர் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்னும்போது தொரையும் தன் தட்டில் வாய் வைத்தது. அன்றோடு பிடித்தது சனி. இவர் தின்றால்தான் அது தின்னும். அவித்த கோழி, முட்டை, குழைந்த சோறு, வெந்நீரில் ஊறவைத்த குட்டி பிஸ்கட் என்று அதற்கு ஐந்து வேளை. பக்கத்தில் இவருக்கும் ஐந்து வேளை.

"தொரைக்குக் கம்பெனி கொடுக்கிறேன்" என்பார், இரண்டாவது ரொட்டியை எடுத்துக்கொண்டே.

நிறை பார்ப்பதுதான் பெரிய கரைச்சல். டவுனுக்குக் கொண்டுபோகலாமென்றால், ஆட்டோவில் ஏறிய மூன்றாவது வளைவில் தின்றதெல்லாம் என் மடியில். அரும்பாடுபட்டு ஏற்றியதை வழியில் கொட்டுவதா? அப்போதுதான் பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், கைகொடுத்தார்.

நானா மரக்கறி யாவாரி. விடியுமுன் லொறியில் தம்புள்ளைச் சந்தைக்குப் போய், கோவா என்கிற முட்டைக்கோசும் மற்றதும் மூட்டை மூட்டையாக எடுத்து வந்து இந்தப் பக்கத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். கொக்கியில் மூட்டையை மாட்டினால் எண் காட்டும் தொங்கு தராசு ஒன்று வைத்திருக்கிறார். நாயைத் தொடமாட்டார். "நக்கிச்சின்டா ஏழு தரம் கழுவணும் தங்கச்சி, எனக்கு அதுக்கு எங்க நேரம்" என்பார். ஆனால் கோழிக்கடையில் ஈரல் வாங்கி, "ஒங்கட சீக்காளிக்கு" என்று எங்கள் கேற்றில் மாட்டிவிட்டுப் போகிறவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை குட்டியை ஒரு துணிப்பையில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, "எல்லாம் வெறும் முடிதான் நானா" என்று சொல்லிக்கொண்டே நான் கொக்கியில் மாட்டினேன். நானா கையை நீட்டித் தராசைத் தூக்கிப் பிடித்தார். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு அது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஐயோ! கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டேன்.

"தொள்ளாயிரத்தம்பது" என்றார் நானா.

வந்த நாளில் இருந்ததும் அதே அளவுதான். பூச்சி மருந்து கொடுத்த கிழமை அப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் கண்ணை மூடினேன். "ஆயிரம்." அதற்கடுத்த ஞாயிறு, "ஆயிரத்தம்பது." நாள் முழுக்க அடுப்படியில் நின்று ஆக்கிப் போட்டால் கிழமைக்கு ஒரு தேக்கரண்டி ஏறுகிறதா? எனக்கு வந்த ஆத்திரம் வேறெங்கே போகும், என் வீட்டுக்காரர் மேல்தான் போனது.

"அது தட்டுல இருக்கிறதையும் நீங்கதான் வழிச்சுத் தின்னுறீங்க! உங்க வயித்தைப் பாருங்க, பெல்ட்டுல ஓட்டையே மிச்சமில்ல!"

"நான் தொட்டதே இல்லடி! அது தின்னு முடிச்சு மிச்சம் இருந்தாத்தான்..."

"அப்ப தொட்டிருக்கீங்க!"

அதன்பிறகு நானே காவலிருந்தேன். சத்துமா காய்ச்சி ஊட்டினேன். அது தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். மகள் வரப்போகிற கிழமை எனக்குச் சோறே இறங்கவில்லை. காலையில் எழும்பினால் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் வருகிற ஜீவன். அதைக் கண்டிக்கு அனுப்பிவிட்டு நான் யாரோடு பேசுவேன்? இவரோடா?

மகள் வந்தாள். கையில் ஜன்னல் வைத்த புதுப் பை, நாய் கொண்டுபோகிற பை. குட்டி ஓடிப்போய் அதற்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டது, நன்றி கெட்டது.

"நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றாள் மகள்.

"அது எல்லாம் முடி" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அன்று பௌர்ணமி, போயா லீவு, டாக்டர் இல்லை. நானாவைத்தான் கூப்பிட்டோம். பழையபடி துணிப்பை, பழையபடி கொக்கி. நானும் பழையபடி கண்ணை மூடினேன்.

"ஆயிரத்தி எரநூறு" என்றார் நானா.

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். அப்போது மகளின் குரல் கேட்டது. "நானா, இதுல வேற நம்பர் காட்டுதே?"

"அது சும்மா நம்பர் மகள். கழிச்சுத்தானே சொல்லணும்."

கண்ணைத் திறந்தேன். "எதைக் கழிச்சீங்க?"

"பை நிறை. அதோட கழிவு." நானா என்னைப் பாவமாகப் பார்த்தார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினார். "கோவாவுக்கு வெளி இலை கழிப்போம்ல, தங்கச்சி. இது முழுக்க முடிதானே? நீங்களும் அப்பிடித்தானே சொன்னீங்க. முடி வளர வளரக் கழிவும் கூடத்தான் போகும். போன ஞாயிறு மழை. நனைஞ்ச சாமானுக்கு இன்னும் கொஞ்சம் கழிக்கணும். நான் ஒங்களுக்கு அநியாயம் செய்யல்ல."

மூன்று கிழமை! மூன்று கிழமையாக நான் இராப்பகலாக ஏற்றிய நிறையையெல்லாம் இந்த மனுசன் கோவா இலையாகப் பிய்த்து எறிந்திருக்கிறார்!

"நாய் நிறையில முடி சேராதுன்னு யார் நானா சொன்னது?"

"நல்ல கதை! சாமான் வாங்குற எந்த மனுசனும் கழிச்சுத்தான் எடுப்பான்."

பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "இப்பவாவது ஒத்துக்கோ, நான் தின்னல."

"நீங்க பேசாதீங்க" என்றேன். "நானா, இன்னொரு தரம் தூக்குங்க. கழிக்காம சொல்லுங்க."

நானா தூக்கினார். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. எண் ஆடி ஆடி நின்றது. நானாவின் உதடு தன்பாட்டில் அசையத் தொடங்கியது, பழக்கதோஷம்.

"கழிச்சீங்கன்னா பாருங்க!"

"ஆயிரத்தி அறுநூறு!" என்று கத்தினார் நானா. எங்கள் கேற்றுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அல்லாவே, முழு நிறை சொல்லி எனக்குப் பழக்கமே இல்ல. ஒங்கட நாய்க்குத்தான் மொத மொத சொல்லியீக்கன்."

நான் பையோடு சேர்த்து அதை நெஞ்சில் அணைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன். மகள் கண்டிக்குப் போன் எடுத்தாள். "வேணாம்டி, நாங்க வரல்ல. அம்மா கொடுக்க மாட்டாங்க." நான் அவளிடம் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

நானா தராசை மடக்கிக்கொண்டு போனார். கேற்றடியில் நின்றார். மனசு ஆறவில்லை போலும், திரும்பி வந்தார்.

"தங்கச்சி, அந்தத் துணிப்பை நிறை அம்பது கிராமையாவது கழிச்சுக்கவா?"

"அதை மட்டும் கழிச்சுக்கோங்க நானா" என்றேன்.