பாதிப் பெரட்டு

ஜீவராணி மிஸ்ஸுக்கு வயித்தெரிச்சல்னா அப்படி ஒரு வயித்தெரிச்சல். மூடி மறைச்சு என்ன ஆகப்போகுது? லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துல பதினாலு வருசமா படிச்சுக் குடுக்கிறவங்க. வயசு நாப்பத்தொண்ணு. தன்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னப் புள்ள மேல இப்படியெல்லாம் வரக்கூடாதுதான். வந்துருச்சே!

அந்தச் சின்னப் புள்ள நிலக்ஷி. ரெண்டு பேரும் அதே பள்ளிக்கூடம். ரெண்டு பேரும் தொலைக்கல்வியில அதே படிப்பு, விசேட கல்வியில பட்டப்பின் டிப்ளோமா. ஒரு வருசம் முன்னாலயே சேர்ந்தது ஜீவராணிதான். "நீயும் போடேன், எனக்கும் ஒரு துணையா இருக்கும்"னு விண்ணப்பப் பாரத்தை நீட்டினதும் அவங்களேதான். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிறது வேற எப்படி இருக்கும்?

ஜீவராணிக்கு என்ன குறை? பஜார்ல துணிக்கடைக்கு மேல வீடு. படிக்க மேசை, நல்ல வெளிச்சம், வீட்டுக்குள்ளயே வைஃபை. நிலக்ஷி மேல் டிவிசன்ல தோட்டத் தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்துப் புள்ள. அங்க சிக்னல் ஒரு பொட்டு கிடையாது. சனிக்கிழமை சூம் வகுப்புன்னா கோயில் மேட்டுக்கு ஏறி, ஒரு கையில குடை, ஒரு கையில போனுன்னு நின்னுக்கிட்டே படிப்பா. பனியில மூக்கு செவந்து போயிருக்கும். அதைப் பார்த்து வகுப்பு எடுக்கிற மயில்வாகனம் சேர், "பாருங்க பிள்ளைகளே, இதுதான் ஆர்வம்"னு எல்லாருக்கும் முன்னால சொல்லுவாரு. ஜீவராணி மேசையில உக்காந்து கேமராவை அணைச்சிடுவாங்க. மேசை இருக்கிறதுகூட ஒரு குத்தமாப் போச்சு!

எழுதிக் குடுத்த ஒப்படைக்கு மார்க் வந்துச்சு. நிலக்ஷிக்கு எம்பத்தி ரெண்டு. ஜீவராணிக்கு அறுபத்தொண்ணு. "பரவாயில்லைங்க மிஸ், அடுத்ததுல எடுத்துடலாம்"னு ஆறுதல் வேற சொன்னா. ஆறுதலாம் ஆறுதல்! பத்திக்கிட்டு வந்துச்சு.

இதோட போயிருந்தாலும் சமாளிச்சிருக்கலாம். புது வருசத்துல பள்ளிக்கூடத்துல, தனிக் கவனிப்பு வேணுங்கிற புள்ளைகளுக்கு விசேட கல்வி அலகு ஒண்ணு திறக்கப் போறாங்க. ஒரே ஒரு அறை, ஒரே ஒரு டீச்சர். "கற்பித்தல் பரீட்சைக்கு மயில்வாகனம் சேர் நேர்ல வாறாரு. அவரு யாரைச் சொல்றாரோ அவங்கதான்"னு பள்ளிக்கூட அதிபர் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாச் சொல்லிட்டாரு. போன வருசம் அந்தப் பரீட்சையில ஒருதடவை தவறிப் போனவங்க ஜீவராணி. இந்தத் தடவையும் போச்சுன்னா அறையும் போச்சு, மானமும் போச்சு.

பரீட்சைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே புள்ளதான். கௌசி, எட்டு வயசு. பேச்சு வராது, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்காது. அதோட அம்மா மட்டும்தான் சம்மதக் கையெழுத்துப் போட்டுச்சு. திங்களும் புதனும் ஜீவராணி, செவ்வாயும் வியாழனும் நிலக்ஷி. ஜீவராணி பாடப் புத்தகத்துல சொன்ன மாதிரியே படம் வெட்டி ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, அறுபது அட்டை செஞ்சாங்க. கௌசி ஒவ்வொண்ணா வாங்கி ஜன்னல் வழியா வெளியில போட்டுச்சு. அஞ்சு மாசமாக் கூப்பிட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்ததில்ல.

ஒரு வியாழக்கிழமை ஜீவராணி தாழ்வாரத்துல போறப்போ உள்ள ஒரு சத்தம். தோட்டத்துல வேலை வாங்குற கங்காணி மாதிரிக் குரலைக் கட்டையாக்கி நிலக்ஷி கூப்பிடுறா. "ராக்காயி! மீனம்மா! கௌசி!"

காலையில வேலைக்குப் போறவங்க எல்லாரையும் நிக்க வச்சுப் பேர் கூப்பிடுறதைத் தோட்டத்துல பெரட்டுன்னு சொல்லுவாங்க. புள்ளைகளை விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவுல கௌசி தங்காதுன்னு அதோட அம்மா தினம் பெரட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போகும். நிலக்ஷிக்கு அது தெரியும். அவ அம்மாவும் அந்தப் பெரட்டுலதானே நிக்குது! பஜார் வீட்டு ஜீவராணிக்கு எப்படித் தெரியும்?

கௌசி எந்திரிச்சுச்சு. நேரா முன்னால வந்துச்சு. கையைத் தூக்கி, "ஆங்!" அப்படின்னுச்சு.

அஞ்சு மாசம், அறுபது அட்டை, ஒரு மண்ணும் நடக்கல. இவ கூப்பிட்டதும் வந்து நிக்குது!  ஜீவராணிக்கு அதுக்கு மேல நின்னு பார்க்கச் சகிக்கல. விறுவிறுன்னு நடந்துட்டாங்க.

பரீட்சை நாள் வந்துச்சு. மயில்வாகனம் சேரும் அதிபரும் பின் பெஞ்சுல. அடுத்த முறைக்காக நிலக்ஷி வாசல்ல நிக்குறா. முதல் முறை ஜீவராணிக்கு. ராத்திரி முழுக்க யோசிச்சு யோசிச்சுக் கடைசியில துணிஞ்சுட்டாங்க. அவ நம்மளுக்குப் பிறகுதானே செய்யப்போறா, நம்ம முந்திக்கிட்டா நம்மதுதானே? குரலைக் கட்டையாக்கினாங்க.

"ராக்காயி! மீனம்மா! கௌசி!"

கௌசி வந்துச்சு, கையைத் தூக்குச்சு. "ஆங்!"

சேரோட பேனா நின்னு போச்சு. ஜீவராணிக்குச் சந்தோசம் தாங்கல. வாசல் பக்கம் மட்டும் பார்க்கல. ஒரு அட்டையை எடுத்து நீட்டி, "இது என்னன்னு மிஸ்ஸுக்குக் காட்டுங்க"ன்னாங்க.

கௌசி அட்டையைப் பார்க்கல. நின்ன இடத்துலயே நின்னுச்சு. எதுக்கோ காத்துக்கிட்டு நின்னுச்சு. ஜீவராணி திரும்பவும் கூப்பிட்டாங்க. "ஆங்!" மூணாவது தடவையும் கூப்பிட்டாங்க. எந்தப் பெரட்டுலயாவது ஒரு ஆளை மூணு தடவை கூப்பிடுவாங்களா? புள்ள மணிக்கட்டைக் கடிச்சுக்கிட்டுக் கத்த ஆரம்பிச்சுச்சு.  அந்த வியாழக்கிழமை பாதியில போகாம நின்னு பார்த்திருந்தா ஜீவராணிக்கு மீதி தெரிஞ்சிருக்கும். நிக்க விட்டுச்சா அந்த எரிச்சல்?

வாசல்ல இருந்து நிலக்ஷி குரல் குடுத்தா. "கௌசி! ஏழாம் நம்பர் மலை! கொழுந்து!"

அவ்வளவுதான், அழுகை நின்னு போச்சு. பேர் கூப்பிட்டதும் எந்த மலைக்கு, என்ன வேலைக்குன்னு கங்காணி சொல்லணும். சொல்லாம ஒருத்தரும் நகர மாட்டாங்க. கௌசி நேரா மூலைப் பாய்க்குப் போய் உக்காந்து, கூடையில கிடந்த கலர் கலரான மணியில பச்சையை மட்டும், கொழுந்து கிள்ளுற மாதிரி, ஒவ்வொண்ணாப் பொறுக்க ஆரம்பிச்சுச்சு.

மயில்வாகனம் சேர் எந்திரிச்சாரு. "இந்த முறையை உருவாக்கினது யார்?"

 நிலக்ஷி பட்டுன்னு சொன்னா. "ஜீவராணி மிஸ்தாங்க சேர். அவங்ககிட்ட பார்த்துத்தான் நான் பழகினேன். இன்னைக்குப் பதட்டத்துல மீதியை மறந்துட்டாங்க."

அதிபர் தலையாட்டினாரு. சேர் குனிஞ்சு எழுதப் போனாரு. அறை, வேலை, மானம் எல்லாம் கைக்கு வந்துருச்சு. ஜீவராணி வாயைத் திறக்காம நின்னாலே போதும். நிலக்ஷி மூஞ்சியைப் பார்த்தாங்க. அதுல கோவம் இல்ல, கேலி இல்ல. பாவம்னு ஒரு பார்வை. அடியாத்தி, அதுதான் உள்ள போய்க் குத்திருச்சு!

"பொய் சொல்றா சேர்" அப்படின்னாங்க ஜீவராணி. "அவளோடதுதான். நான் ஒளிஞ்சு கேட்டுட்டு வந்து செஞ்சேன். அதையும் பாதிதான் கேட்டேன்."

சேர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டாரு. அப்புறம் எழுதுனாரு. அலகு நிலக்ஷிக்கு. ஜீவராணி ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பரீட்சைக்கு நிக்கணும்.

ஊர்ல இப்ப ஜீவராணி மிஸ்ஸுக்கு நேர்மையான மனுசின்னு பேரு. அதிபர் காலைக் கூட்டத்துலயே சொல்லிட்டாரு. அதைக் கேட்டா அவங்களுக்கு உடம்பெல்லாம் கூசுது. ஏன்னா பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு நிலக்ஷி தாழ்வாரத்துல பின்னாலயே ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. கண்ணெல்லாம் தண்ணி.

"ஏன் மிஸ் அப்படிச் சொன்னீங்க? நான்தான் உங்களுக்கு விட்டுக் குடுத்தேனே!"

"அதான்டி" அப்படின்னாங்க ஜீவராணி, கையை உருவிக்கிட்டு. "மார்க்குல நீ ஜெயிச்ச, புள்ளகிட்ட நீ ஜெயிச்ச. விட்டுக் குடுக்கிறதுலயும் நீயே ஜெயிக்கிறதை என்னால பார்த்துக்கிட்டு நிக்க முடியல."