ஆசீர்வாதம் வாசித்த கடைசிப் பக்கம்

மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். நம் பள்ளிக் காவல்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, "ஆசீர்வாதம் சார் தவறிட்டாருங்க" என்றார். "என்னய்யா உளர்றே! நேத்து சாயங்காலம் எங்கூட காபி குடிச்சாரு" என்று அந்த மனிதர் மேல் எரிந்து விழுந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையை அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன்.

இருபது வருடம் ஒரே ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவர் சரித்திரம், நான் கணக்கு. அவர் தினமும் காலை ஜெபத்தை நடத்துகிறவர். நான் அந்த நேரத்தில் நெற்றி நிறையத் திருநீறோடு வராந்தாவில் நின்று வெற்றிலை போடுகிறவன். "முதலியாரே, நீங்க பாக்கு வெட்டுற சத்தத்துல என் ஜெபம் பாதி மேலே போய்ச் சேரவே இல்ல" என்பார்.

இந்த மிஷன் பள்ளியில் கிறிஸ்தவர் அல்லாத ஆசிரியர் இருக்கக்கூடாது என்று நிர்வாகக் கமிட்டியில் சிலர் கிளப்பிய வருடத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இது அமெரிக்க மிஷன் தொடங்கிய பள்ளி, அதன் ஆரம்ப நோக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். அமெரிக்காவின் பழைய கல்லூரிகள் எதற்காகத் தொடங்கப்பட்டன என்று கட்டுரை எழுதி வாசிக்கும் பொறுப்பை ஆசீர்வாதத்திடம் கொடுத்தார்கள். அடுத்த தலைமையாசிரியர் அவர்தான் என்ற பேச்சும் கூடவே இருந்தது. அவரும் ஒப்புக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பெண்களை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? "என் சோத்துல மண்ணப் போட உங்க கைதான் கெடச்சுதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். "சொல்ப பொறுங்க முதலியாரே, படிச்சுட்டிருக்கேன்" என்று நம் ஊர்க் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். அவ்வளவுதான். அதற்குப்பின் இரண்டு மாதம் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை; நாற்காலியையும் ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவரோ கப்பல் தபாலில் வந்த புத்தகங்களோடு கிடந்தார்.

கட்டுரை வாசித்த நாளில் இதே ஜெப மண்டபம் நிறைந்திருந்தது. கமிட்டியார் கேட்டதெல்லாம் முதலில் வந்தது. அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போன முதல் பாதிரிமார் காலத்துக்குப்பின் சபைக்குப் படித்த பாதிரி வேண்டுமே என்ற கவலையில்தான் அங்கே முதல் கல்லூரி பிறந்தது. பிறகு வந்தவற்றிலும் பல, சபைகள் கட்டியவை. கமிட்டியார் தலையாட்டினார்கள். நான் எழுந்து போகப் பார்த்தேன்.

அப்போது அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "சமயச் சோதனை எதுவும் வைப்பதில்லை என்று சாசனத்திலேயே எழுதிக்கொண்ட கல்லூரியும் அந்தப் பழைய நாளிலேயே உண்டு. அதைக் கட்டியதும் பக்தியுள்ள ஒரு சபைதான். ஆரம்பத்துக்குத் திரும்பத்தான் வேண்டுமென்றால், அந்த ஆரம்பத்துக்கும் திரும்பலாமே" என்று வாசித்துவிட்டு உட்கார்ந்தார். அடேயப்பா, கமிட்டியாரின் தலையாட்டல் அதோடு நின்றது!

கமிட்டியில் அந்தத் தீர்மானம் தோற்றது. தலைமையாசிரியர் பதவியும் வேறொருவருக்குப் போனது. "முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்?" என்றேன். "உங்ககிட்டயா? கண்டோன்மென்ட் பூரா தமுக்கடிச்சிருப்பீங்க. அப்புறம் என்னை வாசிக்கவே விட்டிருக்க மாட்டாங்க" என்று சிரித்தார். உண்மைதான், என் வாய் அப்படி. நாற்காலியை மறுபடி அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. ரோஷம்.

அந்தக் கடைசிப் பக்கத்தைக் கேட்டு வாங்கி என் லாகரிதம் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இன்று அவர் நின்று வாசித்த இடத்தில், இந்தத் திருநீற்றோடு, என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஆசீர்வாதம் சார், எல்லோர் முன்னாலும் உங்களை அந்தக் கேள்வி கேட்டேன். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.