வாலாட்டி வந்த சேதி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூலிக்கு ஏர் பிடித்து, கோவில்பட்டிக்குக் கிழக்கே சொந்தமாகக் கரிசல் காடு வாங்கினேன். எனக்குப் புத்தி சொன்ன ஆள் எவரும் கிடையாது. புரட்டாசியில் வடக்கேயிருந்து வரும் மஞ்சள் வாலாட்டிக் குருவிகள் முதலில் வேம்பார்க் கடற்கரையில் இறங்கும், அப்புறம்தான் நம் காட்டுக்கு வரும், பின்னாலேயே மழை வரும் என்பதெல்லாம் நானே பார்த்துத் தெரிந்துகொண்டது.

வேம்பாரில் டீக்கடை வைத்திருக்கும் என் சிநேகிதருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஓடை கடலில் சேரும் இடத்தில் எந்தச் சகதியில் இறங்கும், வெயில் முதுகில் படும்படி எங்கே உட்கார வேண்டும், எல்லாம். குருவி இறங்கியதும் வருஷா வருஷம் போன் பண்ணுவார். முதல் பஸ்ஸில் போய்விடுவேன். இருவரும் குந்தியிருந்து பார்ப்போம். ஊர் திரும்பிய பிறகுதான், மழைக்கு முந்தி, காய்ந்த புழுதியில் விதைப்பேன்.

போன வருஷம் போன் வரவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாம் விதைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"அண்ணாச்சி, இன்னுமா விதைக்கல?"

"குருவி கரைக்கே வரலையே. உங்களுக்கு என்னய்யா தெரியும்?"

மழை பிடித்துக்கொண்டது. கரிசல் நனைந்துவிட்டால் கால் வைக்க முடியாது. விதை மூட்டையிலேயே கிடந்தது. மழை வெறித்து வானம் தெளிந்த காலையில் பார்க்கிறேன், என் வரப்பில் வாலாட்டிகள் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கின்றன.

பஸ் ஏறினேன். கரையில் நான் உட்காரும் இடத்தில் கேமராக்காரர்கள் நாலைந்து பேர். சிநேகிதர் அவர்களிடம் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்த இடத்த நான்தான் சார் கண்டுபிடிச்சேன்."

தனியே கூப்பிட்டேன்.

"எப்ப வந்துச்சுவே?"

"அமாவாசைக்கு முன்னாடியே வந்துட்டு அண்ணாச்சி."

"ஏன் சொல்லல?"

தலையைச் சொறிந்தார். "இவிய சென்னையிலேருந்து வந்திருக்காவ. நீங்க வந்தா பேசிக்கிட்டே இருப்பிய. குருவி கலைஞ்சிரும்லா..."

"நான் பேசி எந்த வருஷம்வே கலைஞ்சுது?"

"சரி, கோவப்படாதிய. டீ குடிச்சிட்டுப் போங்க."

குடிக்கவில்லை. விதைப்பு தப்பியது பெரிதில்லை. ஈரம் சுண்டியதும் கொத்தமல்லி போட்டு எடுத்துவிட்டேன், நான் யார்? ஆனால் நான் பக்கத்தில் இருப்பதே இடைஞ்சல் என்று அந்த மனுஷர் முடிவு பண்ணி, அதை எனக்கு மறைத்திருக்கிறார்.

ஒரு சத்தம் போட்டிருந்தால் கரை முழுவதும் எழும்பிப் பறந்திருக்கும். போடவில்லை. குருவி கலைந்துவிடக் கூடாதே என்று, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து ரோட்டுக்கு வந்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.