கழுத்து வரை நிரப்பிய பாட்டில்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வந்துவிட்டுப் போன வீட்டில், அடுத்த ஒரு வாரத்துக்கு எது உடைந்தாலும் அது அவன் செய்த வேலைதான். தாம்பரத்தில் நான் கடை போட்டுப் பதினோரு வருடமாகிறது, இந்த விதி மட்டும் மாறவில்லை. வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்க்கும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பி.எஸ்ஸி. படித்த மேடம்

கூடுவாஞ்சேரியில் ஒரு பெரிய அபார்ட்மெண்ட். என் பிழைப்பில் பாதி அங்கேதான். அங்கே மாலதி மேடம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு, குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் புதிதாகப் போட்டேன். மறுநாள் காலையிலேயே போன், ஃப்ரீசரில் வைத்த கண்ணாடி பாட்டில் பிளந்துவிட்டதாம். ஓடினேன். பாட்டிலில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றியிருந்தார்.

தண்ணீர் ஐஸானால் விரியும், அதற்கு இடமில்லாமல் உடைந்திருக்கிறது என்றேன். மேடம் நம்பவில்லை. அதற்குள் உடைந்த பாட்டிலின் படம் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. கீழே நாலு பேர் "எந்த மெக்கானிக்?" என்று கேட்டிருந்தார்கள்.

"குளிர்ந்தா எல்லாமே சுருங்கும் தம்பி, நான் பி.எஸ்ஸி. படிச்சவ. நீங்க போட்ட பார்ட்டுதான் சரியில்ல."

மீன்கார அக்கா

அன்று மதியம் கோவளத்தில் வேலை. மீன் விற்கும் கன்னியம்மா அக்காவின் ஃப்ரீசருக்குக் கதவு ரப்பர் மாற்ற வேண்டும். திறந்தால் உள்ளே வரிசையாகப் பிளாஸ்டிக் பாட்டில்கள், எல்லாம் கெட்டி ஐஸ். மீனுக்கு நடுவே இவற்றைச் செருகிக்கொண்டுதான் வியாபாரத்துக்குப் போகிறார்.

ஒன்றுகூட வெடிக்கவில்லை. எப்படி என்றேன். ஒவ்வொரு பாட்டிலிலும் முக்கால் உயரத்தில் போட்டிருந்த மார்க்கர் கோட்டைக் காட்டினார். தண்ணீர் அதுவரைதானாம். ஐஸோ கோட்டைத் தாண்டி ஒரு விரல் மேலே நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோடு போட்ட காலி பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

"இன்னா மெக்கானிக்கு, ஐஸ் கட்டியாவ சொல்லோ தண்ணி உப்பிக்கும்பா. நாமளே எடம் வுட்ரணும், இல்லாங்காட்டி அதுவே எட்துக்கும்."

கோட்டைத் தாண்டிய தண்ணீர்

சாயங்காலமே மேடம் வீட்டுக்குப் போய், அவர் கையாலேயே கோடு வரை ஊற்றி ஃப்ரீசரில் வைக்கச் சொன்னேன். மறுநாள் காலை என் கண்ணெதிரே எடுத்தார். ஐஸ் கோட்டுக்கு மேலே. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நீங்கள் படித்ததும் தப்பில்லை மேடம் என்றேன். நாலு டிகிரி வரை தண்ணீர் சுருங்கத்தான் செய்கிறது. அதற்குக் கீழே குளிர்ந்தால் மெல்ல விரிய ஆரம்பித்து, ஐஸாகும்போது ஒரேயடியாக இடத்தைப் பிடிக்கிறது. எடை அதேதான், இடம்தான் கூடுதல். ஜூஸ் டம்ளரில் ஐஸ் மிதப்பதும் அதனால்தான்.

மேடம் போனை எடுத்தார். என் முன்னாலேயே குரூப்புக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார்.

"மெக்கானிக் தம்பி மேல தப்பில்லைங்க, தண்ணிதான் அவுட் ஆஃப் சிலபஸ் போயிருக்கு."

அன்றிலிருந்து அந்த அபார்ட்மெண்டில் எந்த ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணினாலும் பழி தண்ணீர் மேல்தான், அதில் நான் சொதப்பியதும் ஒன்றிரண்டு உண்டு என்பதால் வாயைத் திறப்பதில்லை.